பச்சை விளக்கும் நம் கடை வாசலும்

கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு மொத்த வியாபாரி



சரக்கு வாங்கும்போது மூட்டைக்கு இவ்வளவு, லாரி வாடகை இவ்வளவு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இவ்வளவு என்று சிட்டையில் ஒன்றுவிடாமல் எழுதுகிறோம். வண்டி சந்திப்புகளில் காத்து நின்ற நேரத்துக்கு மட்டும் அந்தச் சிட்டையில் இடமில்லை. ஆனால் அந்தச் செலவும் விலையில்தான் ஏறுகிறது. டீசல் எரிகிறது. நாளைக்கு மூன்று நடை போகவேண்டிய மினி லாரி இரண்டு நடையோடு நின்றுவிடுகிறது. கீரைக்கட்டும் வாழை இலையும் வெயிலில் வாடுகின்றன. இதற்கெல்லாம் ரசீது கிடையாது. அதனால் நாமும் கணக்குப் பார்ப்பதில்லை.

கெங்குவார்பட்டி சிறிய பேரூராட்சி. இங்கிருந்துகொண்டு சிக்னல் விளக்கைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நம் சரக்கு நம் ஊரிலேயே விளைந்து நம் ஊரிலேயே விற்றுத் தீர்வதில்லை. தேனி, திண்டுக்கல், மதுரை என்று பல சந்திப்புகளைக் கடந்துதான் கடைக்கு வருகிறது. அங்கே விளக்கு எப்படி எரிகிறது என்பது நம் வியாபாரத்தைத் தொடும் விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு. வண்டிக் கூட்டத்தைப் பார்த்துத் தானாகவே நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சிக்னல்கள் பெங்களூரிலும் சென்னையிலும் வந்துவிட்டன. மாநகரத்துக்கு வந்தது மாவட்டத் தலைநகருக்கு வர அதிக காலம் ஆகாது. அது வரும்போது கூடவே, “கடைத்தெருவில் சரக்கு இறக்கக் கூடாது” என்ற உத்தரவும் வரக்கூடும். அன்று அதிகாரிகள் முன்னால் நம் சங்கம் என்ன பேசப்போகிறது? வெறும் எதிர்ப்பைச் சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள். கணக்கோடு பேசினால் காது கொடுப்பார்கள். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுத முயன்றிருக்கிறேன்.

ஹாரனுக்குப் பச்சை, ஹாரனுக்குச் சிவப்பு

உலகின் முதல் சிக்னல் விளக்கு 1868 டிசம்பரில் லண்டனில் பாராளுமன்றத்துக்கு அருகே வைக்கப்பட்டது. காஸில் எரியும் விளக்கு. காவலர் ஒருவர் கையால் திருப்புவார். அடுத்த மாதமே காஸ் கசிந்து வெடித்து அவர் காயமடைந்தார். மின்சார சிக்னல் 1914ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வந்தது.

வண்டி வந்ததை அறிந்து மாறும் விளக்கு என்ற எண்ணமும் பழையதுதான். 1928ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சார்லஸ் ஆட்லர் என்பவர் ஒரு விளக்கு அமைத்தார். கம்பத்தில் மைக் இருக்கும். குறுக்குத் தெருவில் வந்து நிற்பவர் ஹாரன் அடித்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பச்சை விழும். நம் ஊரில் இதை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை! 2020 ஜனவரியில் மும்பை காவல்துறை அறிவித்த ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. சிக்னலில் நிற்பவர்கள் அடிக்கும் ஹாரன் 85 டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கின் நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பழைய விலைப்பட்டியல்

நாம் சாதாரணமாகப் பார்க்கும் சிக்னல் நிலையான நேரத்தில் ஓடுவது. என்றைக்கோ ஒரு நாள் வண்டிகளை எண்ணி, இந்தப் பக்கம் 40 விநாடி, அந்தப் பக்கம் 40 விநாடி என்று பெட்டிக்குள் பதிந்துவிட்டுப் போயிருப்பார்கள். வண்டியே இல்லாத சாலைக்கும் அது பச்சை காட்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மூன்று சாலை கூடும் இடம். ஒவ்வொன்றுக்கும் 40 விநாடி வீதம் ஒரு சுற்று 120 விநாடி. ஒரு சாலையில் நிற்கும் வண்டிகள் 15 விநாடியில் போய்விடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 25 விநாடி வெறும் சாலைக்குப் பச்சை எரிகிறது. மணிக்கு 30 சுற்று. வீணானது 750 விநாடி, அதாவது பன்னிரண்டரை நிமிடம். மற்ற இரண்டு சாலைகளிலும் நிற்பவர்கள் இதற்குத் தண்டம் கட்டுகிறார்கள்.

ஒருமுறை சரியாகப் பதிந்த நேரமும் நாளாக ஆகப் பழசாகிறது. புதுக் குடியிருப்பு, புதுப் பள்ளிக்கூடம், புதுக் கல்யாண மண்டபம் என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். நேரத்தைத் திருத்தாமல் விட்டால் அதன் பலன் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் 1980களில் கணக்கிட்டார்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்து இன்று துவரம்பருப்பு விற்கிற கதைதான்.

கூட்டத்தைப் பார்க்கும் விளக்கு

தகவமைப்புச் சிக்னல் என்பது, நிற்கும் வரிசையைப் பார்த்து ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தைப் பங்கிடும் ஏற்பாடு. 1970களில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒன்றும், பிரிட்டனில் கிளாஸ்கோ நகரில் சோதித்து மற்றொன்றும் உருவாயின. சாலைக்குள் கம்பிச்சுருள் புதைத்து, மேலே வண்டி போனால் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும்படி செய்தார்கள். நேரம் நன்றாகத் திருத்தி வைத்த நிலையான சிக்னலோடு ஒப்பிட்டபோது பிரிட்டன் முறையில் தாமதம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. திருத்தாமல் விட்ட சிக்னலோடு ஒப்பிட்டால் லாபம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

நம் நாட்டில் கம்பிச்சுருள் அவ்வளவாகச் சரிப்படவில்லை. சாலையை வெட்டித் தார் போட்டால் கம்பி அறுந்துவிடும். நம் வண்டிகளும் ஒரே வரிசையில் வருவதில்லை. இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நான்கு பைக் நுழையும். ஆகவே இங்கே கம்பத்தின் மேல் கேமரா வைத்து வரிசையைப் பார்க்கிறார்கள்.

மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் திருவனந்தபுரம் மையம், நம் நாட்டுக் கலப்புப் போக்குவரத்துக்கு என்றே ‘கோசிகாஸ்ட்’ என்ற மென்பொருளை உருவாக்கியது. 2024ல் பெங்களூர் போக்குவரத்துக் காவல்துறை 165 சந்திப்புகளுக்கு இந்த முறையைக் கொண்டுவரத் தொடங்கியது. அதில் மூன்று நிலை உண்டு. காவலர் கையால் மாற்றலாம். அந்தச் சந்திப்பின் கூட்டத்தை மட்டும் பார்த்துத் தானே மாறலாம். அல்லது ஒரு சாலையிலுள்ள பல சந்திப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, ஓர் இடத்தில் பச்சை கிடைத்த வண்டிகளுக்கு அடுத்த இடத்திலும் பச்சை கிடைக்கும்படி மாறலாம். சென்னையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலைச் சந்திப்புகள் இம்முறைக்கு முதலில் வந்தவற்றில் சேரும்.

அங்கெல்லாம் மக்களுக்கு முதலில் ஒரு குறை இருந்தது. இன்னும் எத்தனை விநாடி என்று காட்டும் எண் பலகை அணைந்துவிட்டதே என்பதுதான் அது. அடுத்த சுற்று எவ்வளவு நீளம் என்பது கூட்டத்தைப் பொறுத்தது என்னும்போது விளக்கால் முன்கூட்டியே எண் சொல்ல முடியாது.

தள்ளுவண்டியும் லாரியும் சமம்

பொறியாளர்கள் வண்டிகளைத் தலை எண்ணிக் கணக்குப் போடுவதில்லை. எல்லாவற்றையும் கார் என்ற ஒரே அளவுக்கு மாற்றுகிறார்கள். நாம் படி, மரக்காலை எல்லாம் கிலோவுக்கு மாற்றியது போல. இந்தியச் சாலைக் காங்கிரஸ் கிராமப்புறச் சாலைகளுக்காக 1990ல் வெளியிட்ட அளவில் கார் 1, மோட்டார் சைக்கிள் அரை, லாரியும் பஸ்ஸும் 3. கையால் தள்ளும் வண்டிக்கும் 3! மாட்டுவண்டிக்கு 8. மெதுவாகப் போவது அதிக நேரம் சாலையைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதே காரணம். நம் கடைப் பையன் சந்திப்பின் குறுக்கே தள்ளிப்போகும் மூட்டை வண்டி ஒரு லாரிக்குச் சமம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு சுற்று எத்தனை விநாடி இருக்கவேண்டும் என்பதற்கு 1958ல் பிரிட்டன் சாலை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் ஒரு சூத்திரம் சொன்னார். இன்றும் அதுவே அடிப்படை. விளக்கு ஒவ்வொரு முறை மாறும்போதும் சில விநாடி யாருக்கும் பயனில்லாமல் போகும். ஒரு வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு அடுத்தவர் சீட்டை வாங்கும் இடைவெளி மாதிரி. மூன்று சாலைக்குமாகச் சேர்த்து இது 12 விநாடி என்று கொள்வோம். அதை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டினால் 23. சந்திப்பின் கொள்ளளவில் பாதி நிரம்பியிருந்தால் 23ஐ அரையால் வகுக்கவேண்டும். 46 விநாடி போதும். 70 சதவீதம் நிரம்பினால் மிச்சம் 0.3, வகுத்தால் 77 விநாடி. 90 சதவீதம் நிரம்பினால் மிச்சம் 0.1, 230 விநாடி வரும். அவ்வளவு நேரம் யாரும் நிற்கமாட்டார்கள். 120 விநாடிக்கு மேல் போவது நல்லதல்ல என்பது பொதுவான நடைமுறை.

இதிலிருந்து இரண்டு உண்மை தெரிகிறது. ஒன்று, கூட்டம் குறைந்த நேரத்தில் 120 விநாடிச் சுற்று வைத்திருப்பது அநாவசியம். அங்கேதான் தகவமைப்புச் சிக்னல் சாதிக்கும். இரண்டு, சந்திப்பு நிரம்பி வழிந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றும் செய்யமுடியாது. அகப்பை குறைந்தால் கொழுப்பெல்லாம் அடங்கும் என்பார்கள். இங்கே அகப்பையில் இருப்பது சாலையின் அகலம். அந்த அகலத்தைக் குறைப்பவர்களில் நாமும் இருக்கிறோம்.

எத்தனை அடி தள்ளி நிறுத்த வேண்டும்?

இனி வருவதுதான் நம் சங்கம் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய இடம்.

சிக்னல் கோட்டுக்கு அருகில் நிற்கும் வண்டி எவ்வளவு சாலையை விழுங்குகிறது என்பதையும் வெப்ஸ்டரின் குழுவினர் 1960களில் அளந்தார்கள். கோட்டிலிருந்து 25 அடிக்குள் ஒரு கார் நின்றால் ஐந்தரை அடி அகலம் போய்விடுகிறது. லாரியாக இருந்தால் அதில் ஒன்றரை மடங்கு, அதாவது எட்டேகால் அடி. சந்திப்பை நோக்கி வரும் பாதை 22 அடி அகலம் என்றால் எட்டில் மூன்று பங்கு காலி. 40 விநாடி பச்சை எரிந்தாலும் அதில் 25 விநாடிப் பயன்தான் கிடைக்கும். ஒரு லாரி அரிசி மூட்டை இறக்குகிற நேரம் முழுவதும், ஒவ்வொரு சுற்றிலும் 15 விநாடி பறிபோகிறது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கேமரா வைத்தாலும் இந்த 15 விநாடியை அது திருப்பித் தராது.

ஆனால் அதே கணக்கு நமக்குச் சாதகமான ஒன்றையும் சொல்கிறது. வண்டி கோட்டிலிருந்து தள்ளிப்போகப் போகப் பாதிப்பு குறைகிறது. எவ்வளவு தூரம் என்பது பச்சை நேரத்தைப் பொறுத்தது. பச்சை 20 விநாடி என்றால் சுமார் 150 அடிக்கு அப்பால் நிற்கும் வண்டியால் சிக்னலுக்குப் பாதிப்பில்லை. பச்சை 40 விநாடி என்றால் சுமார் 270 அடி. காரணம் எளிது. நீளமான பச்சைக்கு நீளமான வரிசை வேண்டும். வரிசையின் வால் எங்கே முடிகிறதோ அதற்கு அப்பால் நிற்பது பச்சையைத் தின்பதில்லை.

இதன் பொருள் என்ன? சந்திப்புக்கு அருகில் சில நூறு அடிக்குத் தடை போட்டால் போதும். சிக்னலைக் காரணம் காட்டி முழுக் கடைத்தெருவிலும் சரக்கு இறக்கத் தடை போடத் தேவையில்லை. சுற்று குறுகலாக ஓடும் நேரங்களில் அந்தத் தடையையும் இன்னும் சுருக்கலாம். இங்கிலாந்துச் சாலைக்குப் போட்ட கணக்கு நம் தெருவுக்கு அப்படியே பொருந்திவிடாது என்பதால், நம் ஊரில் அளந்து பார்த்து எல்லையை வரையச் சொல்வோம். சந்திப்பை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். அவர்களுக்கு எல்லைக்கு அப்பால் பொது இறக்குமிடமும் அதிகாலை அனுமதியும் கேட்டு வாங்குவது சங்கத்தின் கடமை.

நடந்து வருகிறவர்தான் நம் வாடிக்கையாளர்

காரில் விரைந்து போகிறவர் நம் கடையில் உப்பு, புளி வாங்குவதில்லை. எதிர்ப்புறம் பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் பையோடு சாலையைக் கடந்து வரும் அம்மாதான் வாங்குகிறார். கேமரா வண்டியை எண்ணுகிறது. ஓரத்தில் நிற்கும் அந்த அம்மாவையும் எண்ணும்படி அமைத்தால்தான் எண்ணும். வண்டிக்கு வேண்டிய நேரத்தை மட்டும் பார்த்துப் பச்சையைச் சுருக்கினால் அவர் நடுச்சாலையில் மாட்டிக்கொள்வார்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1985ஆம் வருடத்துச் சிக்னல் வழிகாட்டி இதற்கும் அளவு வைத்திருக்கிறது. நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் கடப்பார். புறப்படுவதற்கு 7 விநாடி சேர்த்துக்கொள்ள வேண்டும். 14 மீட்டர் சாலை என்றால் 12 விநாடியும் 7 விநாடியும் சேர்த்து 19 விநாடி. வயதானவர்கள் அதிகம் வரும் கடைத்தெருவில் இன்னும் இரண்டு மூன்று விநாடி கூட்டிக் கேட்பதில் தவறில்லை. எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் இந்த நேரத்துக்குக் கீழே போகாதபடி பூட்டு வைக்கவேண்டும்.

கோவையில் வேறு வழியில் போனார்கள். 2022, 2023ஆம் ஆண்டுகளில் பல சந்திப்புகளில் சிக்னலையே எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி யூ-டர்ன் வைத்தார்கள். லாலி ரோட்டில் ரவுண்டானா அமைத்தார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன. ஆனால் சிவப்பு விளக்கு இல்லாத இடத்தில் நடப்பவர் எப்போது கடப்பது என்ற கேள்வி எழுகிறது. எதிர்ப்பக்க வாடிக்கையாளர் வராமல் போனால் அந்த நஷ்டம் எந்தப் போக்குவரத்து அறிக்கையிலும் வராது, கல்லாவில்தான் தெரியும். நம் பக்கம் யாராவது இந்த யோசனையைக் கொண்டுவந்தால், நடப்பவர் கடக்கும் இடத்தை முதலில் காட்டச் சொல்லவேண்டும்.

நம் பள்ளத்தாக்குக்கு ஏற்றதா?

ஏற்றதுதான் என்பேன். காரணம், எங்கள் பக்கத்தில் ஒரு நாளைப் போல் மறுநாள் இருப்பதில்லை. கார்த்திகை, மார்கழி வந்தால் கம்பம், குமுளி வழியாக ஐயப்ப பக்தர்களின் வண்டி இரவு பகல் ஓடும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அதே வெயில் காலத்தில் காட்ரோட்டில் கொடைக்கானலுக்கு ஏறும் வண்டிகளின் வரிசை. நடுவில் மாங்காய் சீசன், சந்தை நாள், முகூர்த்த நாள். ஒரே ஒரு நேரத்தைப் பதிந்துவைத்த சிக்னல் இவற்றில் எதற்கும் பொருந்தாது. புறவழிச்சாலை வந்தால் தொலைதூர லாரிகள் ஊரைச் சுற்றிப் போய்விடும். நம் சரக்கு அப்படிப் போகமுடியாது. கடை ஊருக்குள்தானே இருக்கிறது! தேனியில் மதுரை ரோடும் கம்பம் ரோடும் பெரியகுளம் ரோடும் கூடும் நேரு சிலைச் சந்திப்பை அறியாத வியாபாரி நம்மில் யார்?

ஆனால் கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண சிக்னல் பெட்டியிலேயே காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, சந்தை நாளுக்கு ஒன்று என்று பல நேரப் பட்டியல்களைப் பதியலாம். கூகுள் நிறுவனம் செல்போன் வரைபடத் தகவலைக் கொண்டே சிக்னல் நேரத்துக்கு யோசனை சொல்லும் திட்டத்தை 2023ல் அறிவித்தது. பெங்களூர், கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்கள் அதில் சேர்ந்தன. சாலையைத் தோண்டாமல், புதுக் கருவி வாங்காமல் பழைய சிக்னலையே திருத்தும் வழி அது. சிறிய ஊருக்கு முதல் படியாக இதுபோன்ற வழிகளே தோதானவை.

சங்கம் கேட்கவேண்டியவை

1. சாதாரண நாள், சந்தை நாள், சீசன் நாள் என மூன்று வகை நாட்களிலும் வண்டிகளையும் நடப்பவர்களையும் எண்ணிய பிறகே நேரம் நிர்ணயிக்க வேண்டும். வருடம் ஒருமுறை திருத்த வேண்டும்.

2. சரக்கு இறக்கத் தடை எத்தனை அடி வரை என்று சாலையில் வண்ணக்கோடு போட வேண்டும். அதற்கு அப்பால் இறக்குமிடமும், இறக்கும் நேரமும் குறித்துத் தர வேண்டும்.

3. நடப்பவர் கடக்கும் குறைந்தபட்ச நேரம் எந்த நிலையிலும் குறையக் கூடாது.

4. கேமராவுக்கும் மின்சாரத்துக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் யாருடையது, பழுதானால் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். கேமரா மங்கினால் விளக்கு பார்வையிழந்துவிடும்.

நாம் செய்யவேண்டியவை

கேட்பதற்கு முன் கொடுக்கவும் வேண்டும். சிக்னல் கோட்டுக்கு அருகில் கடை வைத்திருப்பவர்கள் கடை வாசலில் தங்கள் பைக்கையும் பணியாட்கள் பைக்கையும் நிறுத்துவதை விடவேண்டும். வெயில் பந்தலும் விளம்பரப் பலகையும் சாலைக்குள் நீளக் கூடாது. ஒரே தெருவில் நான்கு கடைக்கு நான்கு லாரி நான்கு நேரத்தில் வருவதைவிட, மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் பேசிக்கொண்டு ஒரே லாரியில் அதிகாலையில் இறக்கினால் வாடகையும் மிச்சம், சாலையும் மிச்சம். இறக்கும் தொழிலாளர்களையும் கலந்துகொண்டு அவர்களுக்குத் தோதான நேரத்தை முடிவு செய்யவேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் கடையிலிருந்து அருகிலுள்ள சந்திப்பு எத்தனை அடி, தினம் எத்தனை வண்டி சரக்கு இறங்குகிறது, எந்த நேரத்தில் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதிகாரிகள் அழைக்கும் நாளில் நம் கையில் அந்தக் கணக்கு இருக்கட்டும்.